நெரீனாவின் முகம்

அரேஸ்ஸோ, இத்தாலி
20.1.2025

மரியே வாழ்க.

அன்புள்ள ரெமிஜியஸ் அண்ணனுக்கு, தங்கச்சி லின்சி எழுதிக்கிறது. நான் சுகம். நீங்க, அண்ணி, ஜோஸ்வா எல்லாரும் சுகமா?

போன் இருக்கும்போது லெட்டர் போடறாளேன்னு சிரிக்காதீங்க. நம்ம வீட்ல போனை ஸ்பீக்கர்ல போடாம பேச யாருக்கும் தெரியாது. எனக்குப் பல் வலின்னு சொன்னது மறுநாளே நம்ம சின்ன மாதா கோவில், குருசடியோட வாட்ஸ்அப் குரூப்புல ஜெபக் குறிப்பா வந்துடுச்சு. இது அப்படிப் போகக்கூடாத விஷயம்.

நவம்பர்லேர்ந்து புது வீட்ல வேலை. மலைமேல சின்ன ஊர். நெரீனான்னு ஒரு அம்மா, வயசு தொண்ணூறு, கல்யாணம் பண்ணிக்கல. பள்ளிக்கூடத்து டீச்சரா இருந்தவங்க. குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்க வைக்கிறது என் வேலை. வாய் மட்டும் நம்ம ஊர்ச் சந்தை மாதிரி. கோவில் பக்கமே போக மாட்டாங்க.

நேத்து அவங்க அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பழைய போட்டோ கெடச்சுது. ஒரு பையன், இருபது வயசு சொல்லலாம், கையில சுத்தியலோட நிக்கிறான். பக்கத்துல ஒரு பொண்ணோட தலை, வெள்ளைக் கல்லுல செஞ்சது. அண்ணா, அது நம்ம குருசடி மாதா. ஆசீர்வாதம் தாத்தா இந்த இத்தாலியிலேர்ந்து, பட்டாளம் முடிஞ்சு கொண்டுவந்த மாதா. இடது புருவம் லேசா தூக்கியிருக்கும், வலது கன்னத்துல மட்டும் குழி விழும், ஏதோ கேக்க வாயெடுத்த மாதிரி இருக்கும். பிறந்ததுலேர்ந்து பாத்த மூஞ்சி எனக்குத் தப்பாத் தெரியுமா?

இடிஞ்ச கோவில்ல மாதா கூப்பிட்டு "என்னை எடுத்துட்டுப் போ"ன்னு தாத்தாகிட்ட சொன்னாங்கன்னுதானே நம்மள வளத்தாங்க. போட்டோல இருக்கறது கோவில் இல்ல, வீட்டு முத்தம். தலையைக் கொஞ்சம் சாய்வா வச்சு எடுத்திருக்கறதால பின்னால சடை தெரியுது, ரிப்பன் கட்டியிருக்கு. முக்காட்டை எடுத்து மாதாவைக் கழுவுறது வருஷத்துக்கு ஒரு தடவை நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க, பின்னால சடை இருக்கா இல்லையா?

பதிலை எதிர்பார்த்து,
லின்சி


பூதலூர்
14.2.2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கை லின்சிக்கு அண்ணன் ரெமிஜியஸ் எழுதுவது. நாங்கள் நலம். நீ குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

சம்பா அறுவடை முடிந்தது. கடைசி நேரத்து மழையில் கதிர் சாய்ந்து போயிற்று. கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். வாகனம் ஒவ்வொன்றும் அதன்மேல்தான் ஏறிப் போகிறது. ஜோஸ்வா ஒன்பதாவது முடிக்கப் போகிறான். கணக்கில் மட்டும் உன்னைப்போல மந்தம். அண்ணிக்கு முட்டி வலி தேவலை.

குருசடிக்குத் தகரம் மாற்றினோம். பழைய போட்டோக்களில் எல்லாச் சிலைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலை செய்யும் வீட்டில் அலமாரியை எல்லாம் திறக்காதே, கெட்ட பெயர் வரும்.

அன்புடன்,
அண்ணன் ரெமிஜியஸ்


அரேஸ்ஸோ
8.3.2025

மரியே வாழ்க.

அண்ணா, நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். நெல்லு, முட்டி, தகரம் எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. சடை இருக்கா? உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அதனால சொல்லாமலே விட்டுட்டீங்க. சின்ன வயசுலேர்ந்து இதே வேலைதான் உங்களுக்கு.

போட்டோவை நெரீனாம்மாகிட்டயே கொண்டுபோய்க் காட்டிட்டேன். திட்டுவாங்கன்னு பாத்தா, என் கையிலேர்ந்து வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அந்தப் பையன் அவங்க அண்ணனாம். பேரு ஆல்தோ. பிளாரன்ஸ்ல சிலை செய்யப் படிச்சவன். சண்டை வந்ததும் பட்டாளத்துல பிடிச்சுப் போட்டாங்க. நடுவுல தப்பிச்சு ஓடிவந்து வீட்டு நிலவறையில ஒளிஞ்சிருந்திருக்கான். பிடிபட்டா சுட்டுடுவாங்க. சும்மா கிடக்க முடியாம, கோவில் படிக்கட்டுல மிச்சமான ஒரு கல்லைக் கொண்டுவரச் சொல்லி, சத்தம் வெளிய கேக்காம சுத்தியல்ல துணி சுத்திக்கிட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க செதுக்கியிருக்கான். எதிர்ல கூடையைக் கவுத்துப் போட்டு தங்கச்சியை உக்கார வச்சிருக்கான். ஆடாம உக்காந்தா, இங்க காட்டு மரத்துல காய்க்கற கொட்டை ஒண்ணைச் சுட்டுக் குடுப்பானாம். "புருவத்தை ஏன் தூக்குறே, கழுதை"ன்னு திட்டுவானாம். ஆனா தூக்கின மாதிரியேதான் செஞ்சு வச்சிருக்கான். முடிஞ்சதும், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பாத்து முத்தத்துல வச்சு எடுத்த போட்டோவாம் அது.

இருபத்திரண்டு வயசுல செத்துட்டான், நாப்பத்திநாலு ஆகஸ்ட்ல. எப்படின்னு கேட்டேன், சொல்லல. அந்தத் தலை எங்கன்னு கேட்டேன். "போயிடுச்சு"ன்னாங்க. அவன் செஞ்சதுல முடிஞ்சது அது ஒண்ணுதானாம்.

அந்தத் தங்கச்சி இவங்கதான். கன்னத்துல குழி இன்னும் விழுது. அண்ணா, நாம மெழுகுவத்தி கொளுத்தி முழங்கால் போட்டுக் கும்பிடுற மாதாவுக்கு நான் தினம் காலையில பல் செட்டு மாட்டிவிடறேன். சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல.

லின்சி


பூதலூர்
6.4.2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கை லின்சிக்கு, இங்கு தவக்காலம், வீட்டில் கறி இல்லை, எல்லோரும் நலம்.

சடை இருக்கிறது. ரிப்பனும் இருக்கிறது. அப்பா சாவியை என் கையில் கொடுத்த வருஷமே பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் ஊரில் மாதாவுக்கு அப்படித்தான் செய்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது?

லின்சி, அந்தம்மாவிடம் எதையும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுகிறேன். அவர்கள் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். ஜோஸ்வா மூன்று வயசில் கால்வாயில் விழுந்தது உனக்குத் தெரியும். மூச்சில்லை. ஆஸ்பத்திரி போகிற வழியில் குருசடி வாசலில் ஆட்டோவை நிறுத்தி மாதா முன்னால் கிடத்தினேன். அங்கேதான் இருமினான். அது யார் முகமாக இருந்தால் எனக்கென்ன? எனக்கு அது மாதா.

தாத்தா போட்ட வழக்கத்தை எல்லாம் நீ மறந்துவிட்டாயா? ஆகஸ்ட் நாலாந்தேதி திருநாள். மரத்தில் செய்த உடம்பிலிருந்து தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, நம் வீட்டு மூத்த பிள்ளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலைத் தாண்டும் முன் நின்று கத்த வேண்டும்: "கையில வேற எதுவும் இல்ல! மாதாதான்!" ஊரே திருப்பிக் கத்தும்: "மாதாதான்! மாதாதான்!" அதன் பிறகுதான் சப்பரத்தில் ஏற்றுவது. வாணவேடிக்கை கூடாது என்றும் தாத்தா கட்டளை. ஏன் சாக்கு, ஏன் அந்தத் தேதி என்று சாமியார்களே கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் என்னோடு ஜோஸ்வாவையும் நிற்க வைக்கலாம் என்றிருந்தேன். இதை எல்லாம் நீ குலைத்துவிடாதே.

அண்ணன்


அரேஸ்ஸோ
29.4.2025

அண்ணனுக்கு,

உக்காந்துக்கிட்டுப் படிங்க. பக்கத்துல யாரும் இருக்க வேணாம்.

இருபத்தஞ்சாந்தேதி இங்க விடுதலை நாள். எண்பது வருஷம் ஆச்சுன்னு ஊர்ச் சதுக்கத்துல பேண்டு வாத்தியம், மாலை. நெரீனாம்மாவை வண்டியில உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன். சண்டையில செத்தவங்க பேரை எல்லாம் வாசிச்சாங்க. ஆல்தோ பேரு வரல. "ஏன்"னு கேட்டேன். "அவனை ஜெர்மன்காரன் கொல்லல, அதான்"னாங்க. வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூட கழட்டாம, எல்லாத்தையும் சொன்னாங்க.

ஆகஸ்ட் நாலாந்தேதி காலையில ஜெர்மன்காரன் ஊரை விட்டுப் போயிட்டான். வெள்ளைக்காரன் பட்டாளத்து ஆளுங்க மேல ஏறி வராங்க, கறுத்த ஆளுங்க, பாலம் போடறவங்க. போகும்போது ஜெர்மன்காரன் கதவு, பொம்மை, பிணம்னு எல்லாத்துலயும் வெடி வச்சிட்டுப் போயிருந்தானாம், அதனால வர்றவங்களுக்கு உயிர் கையில இல்ல. பக்கத்து வீடு எரியுது. ஆல்தோ நிலவறையிலேர்ந்து அந்தத் தலையைச் சாக்குல சுத்தித் தூக்கிக்கிட்டு முத்தத்துக்கு ஓடிவந்திருக்கான். வாசல்ல ஒரு சிப்பாய். அவன் என்னமோ கேட்டான். ஆல்தோவுக்குப் புரியல. சிரிச்சுக்கிட்டே, பாருன்னு காட்ட சாக்கைத் தூக்கியிருக்கான். சிப்பாய் சுட்டுட்டான்.

"அவன் என்ன கேட்டான்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அர்த்தம்தான் தெரியாது"ன்னு சொல்லிட்டு, அண்ணா, அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாங்க. "கைல என்ன? கைல என்ன?"

தமிழ்ல. நம்ம தமிழ்ல. ஒரு எழுத்து பிசகல. நான் குளியலறைக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

தாத்தா கேட்டதுக்கு அவன் பதில் சொல்லியிருந்தா பிழைச்சிருப்பான். அந்தப் பதிலைத்தான் தாத்தா வருஷா வருஷம் நம்மள விட்டுச் சொல்ல வச்சிருக்காரு. ஊரே கூடி அதைச் சந்தோஷமாக் கத்தியிருக்கோம். சின்னப் பிள்ளையில நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அவங்க அண்ணன் செத்த நாள்ல பாயாசம் குடிச்சிருக்கேன்.

நான் என்ன பண்ணட்டும்? எழுதுங்க.

லின்சி


அரேஸ்ஸோ
10.6.2025

அண்ணனுக்கு,

மேல "மரியே வாழ்க"ன்னு எழுத வந்தேன், பேனா நின்னுடுச்சு. மாதா என்னை மன்னிக்கட்டும், எனக்கு அந்தக் கல்லு மூஞ்சிதான் கண்ணுல வருது.

ஆறு வாரம் ஆச்சு, உங்ககிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. போன்ல பேசினா மேட்டூர் திறக்கப் போறாங்க, நாத்தங்கால் உழணும்ங்கறீங்க. அண்ணி பக்கத்துல நிக்கிறதால நானும் அப்படியான்னு கேட்டுக்கறேன். நல்லா நடிக்கறோம் ரெண்டு பேரும்.

நெரீனாம்மாவுக்கு இதயம் பலவீனமாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் ஊட்டினாத்தான் சாப்பிடறாங்க. எதையும் தெரிஞ்சுக்காம செத்துட்டாங்கன்னா, நான் ரெண்டாவது தடவையா அவங்ககிட்டேர்ந்து அதை எடுத்துட்டதா ஆகும். நான் சொல்லப் போறேன்.

லின்சி


பூதலூர்
25.6.2025

லின்சிக்கு,

தண்ணி வந்துடுச்சு. குறுவைக்கு விதை விட்டாச்சு. அதை எழுதி என்ன ஆகப்போவுது.

உன் லெட்டரை வாசிச்சுட்டு வயல்ல போய் நின்னேன். பக்கத்து வயல் அம்சம் அக்கா "தம்பிக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க. ஒரு தடவ எழுதிக் கிழிச்சேன், மறுபடி எழுதிக் கிழிச்சேன். தாத்தா அப்படிச் செய்யலன்னு எழுதினேன். அவர் பாலம் போடறவரு, துப்பாக்கி பிடிக்காதவருன்னு எழுதினேன். அப்புறம், சின்ன வயசுல நம்ம கையில கோணிப்பை இருந்தா பளார்னு அறைவாரே, அது ஞாபகம் வந்துச்சு. உனக்கும் விழுந்திருக்கு. என்ன கோவம் இந்தக் கிழவனுக்குன்னு அப்ப அழுவோம்.

சொல்லாதன்னு உன்கிட்ட இன்னும் கேக்கணும்போலத்தான் இருக்கு. கேக்க வாய் வரல. சொல்லுன்னும் சொல்ல முடியல. நீயே பாத்துக்க.

ரெமிஜியஸ்


அரேஸ்ஸோ
6.7.2025

அண்ணனுக்கு,

சொல்லிட்டேன்.

உங்க லெட்டர் வர்றதுக்கு முந்தின நாளே சொல்லிட்டேன், அதனால உங்க மேல பாரம் இல்ல. காலுக்குத் தைலம் தேச்சுக்கிட்டே சொன்னேன். கல்லு எங்க ஊர்ல இருக்கு, அதுக்கு நீலப் புடவை கட்டி, கிரீடம் வச்சு, மாதான்னு கும்பிடறோம், அதைக் கொண்டுவந்தவரு எங்க அப்பாவோட அப்பா, நீங்க சொன்ன அந்த வார்த்தை எங்க பாஷைன்னு எல்லாத்தையும் சொன்னேன். காலை இழுத்துக்கிட்டாங்க.

"அவனுக்குக் கல்யாணம் ஆச்சா?"ன்னாங்க. ஆச்சுன்னேன். "பிள்ளைங்க?" ஆறுன்னேன். "பேரன் பேத்தி?" நான் ஒருத்தி இங்க நிக்கிறேனே. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க.

அதுலேர்ந்து என் கையால சாப்பிடறது இல்ல. கரண்டியை அவங்களே பிடிக்கிறாங்க, பாதி நெஞ்சுல கொட்டுது. துடைக்கப் போனா கையைத் தட்டிவிடறாங்க. வேற ஆளை அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்குப் போன் போடச் சொன்னாங்க. நானேதான் நம்பரை அழுத்திக் குடுத்தேன். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வேற ஆள் இல்லையாம். அதுவரைக்கும் இப்படியே.

பெத்த தாய் என்னை அறைஞ்சிருந்தாக்கூட இப்படி வலிச்சிருக்காது, அண்ணா.

லின்சி


பூதலூர்
7.8.2025

லின்சிக்கு அண்ணன் எழுதறது. உடம்பைப் பாத்துக்க. அழுதுக்கிட்டே இருக்காத.

திருநாள் முடிஞ்சுது. அப்படியும் சொல்ல முடியாது. நாலாந்தேதி சாயங்காலம் சாக்குல சுத்தி மாதாவை ஏந்திக்கிட்டு வாசல்கிட்ட வந்தேன். வெளிய ஊரே நிக்குது. வலங்கைமான்லேர்ந்து, திருச்சியிலேர்ந்தெல்லாம் வந்திருக்காங்க. பக்கத்துல ஜோஸ்வா. வாயைத் தொறந்தேன். சத்தம் வரல. அந்தப் பையன் அப்படித்தானே நின்னிருப்பான், கையில இதைப் பிடிச்சுக்கிட்டு, பாஷை தெரியாம. வாசப்படியிலயே உக்காந்துட்டேன். மாரடைப்புன்னு நெனச்சு தண்ணி தெளிச்சாங்க. மைக்கை வாங்கி எல்லாத்தையும் சொல்லிட்டேன், தாத்தா சுட்டது உள்பட.

எல்லாரும் என்னைப் புடிச்சுக்கிட்டாங்க, லின்சி. கமிட்டி இராஜாங்கம் தோள் துண்டை என் மூஞ்சியில வீசிட்டு, "எங்க அம்மா இங்க கும்பிட்டுத்தாண்டா செத்தா, அவ கும்பிட்டது ஒரு ஸ்கூல் பிள்ளையையா"ன்னு அழுதான். சிலர் காணிக்கைப் புடவையைத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்க. மூணு நாளா ஒரே சண்டை. கடைசியில நடவாளு சவரியம்மாள்தான், "அந்தப் பொண்ணு உசுரோட இருக்குன்னா, அது பொருளை நாம பூட்டி வச்சிக்கிட்டு ஜெபம் சொல்ல முடியுமா? எனக்கு வாய் வராது"ன்னுச்சு. அதோட அனுப்பிடறதுன்னு முடிவாச்சு.

வைக்கோல் வச்சுப் பெட்டி தயார் பண்ணிட்டோம். விலாசத்தை இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு. இனிமே ஜோஸ்வாவுக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட ஓடுவேன்னு தெரியல. இருந்தாலும் அனுப்பறேன். ஜோஸ்வா திருநாளன்னிக்குக் காலையில மாதாவைக் கழுவும்போது எடுத்த வீடியோவும், ஜனங்க கும்பிடற வீடியோவும் உன் போனுக்கு அனுப்பியிருக்கான். வேணும்னா அந்தம்மாகிட்ட காட்டு. அவங்க காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.

ரெமிஜியஸ்


அரேஸ்ஸோ
30.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

விலாசம் எழுதல. ஏன்னு சொல்றேன்.

நீங்க பெட்டி கட்டிட்டதைச் சொன்னேன். போனை அவங்க முன்னால வச்சு வீடியோவைப் போட்டுட்டு நான் அடுப்படிக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா முடிஞ்சு நின்னுபோச்சு, அதையே பாத்துக்கிட்டு இருக்காங்க. "மறுபடி போடு"ன்னாங்க. போட்டேன். ஜனங்க ஒவ்வொருத்தரா வந்து அந்த மூஞ்சியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. ஒரு பொம்பளை அதையே உத்துப் பாத்துக்கிட்டு நகரவே மாட்டேங்கறா. "இவ என்ன பேசறா?"ன்னு கேட்டாங்க. மகளுக்குப் பிரசவம் கஷ்டமா இருக்கு, அதைச் சொல்லி அழறான்னு சொன்னேன்.

அப்புறம்தான் அண்ணா சொன்னாங்க. தாத்தா அதைத் திருடல. சுட்டுட்டு, சாக்கைப் பிரிச்சுப் பாத்துட்டு, அங்கேயே மண்ணுல உக்காந்து மாரில அடிச்சுக்கிட்டு அழுதாராம். அவங்க அம்மா அந்தத் தலையை எடுத்துவந்து அவர் மடியில போட்டு, "கொண்டுபோ, இந்த மூஞ்சி என் கண்ணுல படக்கூடாது"ன்னு சொன்னாங்களாம். இதைத் தூக்கிக்கிட்டு வந்ததாலதானே பிள்ளை செத்தான். பத்து வயசு நெரீனா கதவோரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா, அதே மூஞ்சியோட.

"அதுக்கப்புறம் இருபத்தேழு வருஷம் அம்மா உயிரோட இருந்தா. சமைச்சுப் போட்டா, துணி தைச்சுக் குடுத்தா. ஒரு தடவகூட என் மூஞ்சியைப் பாத்துப் பேசல"ன்னாங்க.

நாம எண்பது வருஷமா எதைப் பாத்துக்கிட்டு இருந்தோம், அவங்க எண்பது வருஷமா எது இல்லாம இருந்தாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

"இங்க கொண்டுவந்தா நான் செத்த மறுநாள் மாடியில தூக்கிப் போட்டுடுவாங்க. அங்க பாக்கறாங்க. பாக்கட்டும். கீழ என் அண்ணன் பேரைச் செதுக்கச் சொல்லு, ஆல்தோ செஞ்சதுன்னு. நாலாந்தேதி அவன் பேரைச் சொல்லி அழச் சொல்லு. பாயாசம் வேணாம்"ன்னாங்க. பெட்டியைப் பிரிச்சுடுங்க, அண்ணா.

அப்புறம், ஏஜென்சிக்குப் போன் போட்டு, வேற ஆள் வேணாம்னு என்னையே சொல்லச் சொன்னாங்க. சாயங்காலம் நான் கிண்ணத்தைக் கையில குடுத்தேன். வாங்கிக்கல. வாயைத் தொறந்தாங்க. ஊட்டினேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டேதான் ஊட்டினேன்.

முடிச்சுட்டு எழுந்திருக்கும்போது கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "உன் அண்ணனுக்கு எழுதுவே இல்ல? மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதிடாதே. நான் மன்னிக்கல."

அவங்க சொன்னபடியே எழுதிட்டேன்.

அண்ணிக்கும் ஜோஸ்வாவுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கச்சி,
லின்சி